எடுக்கக் கூடாத டெலிபோன்

எழுபதுகளில் ஜார்ஜ் டவுனிலிருந்து தைப்பிங்குக்கோ சிங்கப்பூருக்கோ டிரங்க் கால் போட்டவர்களில் பாதிப் பேருக்குத் தனலெட்சுமியின் குரல் தெரிந்திருக்கும். முகம் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். "லைன் கெடச்சாச்சு, பேசுங்க" என்று தமிழில் சொல்வாள். அதையே மலாயிலும் இங்கிலீஷிலும் சொல்வாள். சீனக் கடைக்காரர்களுக்கென்று நாலு வார்த்தை ஹொக்கியனும் வரும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் பலகையில் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு ஒயரைச் செருகி, ஊர் ஊராக ஆட்களைச் சேர்த்துவைக்கிற வேலை. சாவுச் செய்தி சொல்லக் காத்திருக்கிறவர்களின் மூச்சு அவளுக்குத் தனியாகத் தெரியும். அவர்களுக்கு மட்டும் எப்படியாவது முந்தி லைன் பிடித்துக் கொடுத்துவிடுவாள்.

பக்கத்து நாற்காலி சித்தி ஹாஜராவுடையது. தனலெட்சுமியைவிட ஐந்து வயது மூத்தவள். வீடு சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். உருவம் பெரிசு, குரலோ பதினெட்டு வயதுப் பெண்ணின் குரல். அந்தக் குரலை நம்பி மயங்கிப்போன தவுக்கேமார்கள், அதாவது சீன முதலாளிகள், உண்டு. "எனக்கு மூணு புள்ளைங்க தவுக்கே, நாலாவதா உங்களத் தத்தெடுக்கவா?" என்று கேட்டுவிட்டு லைனை மாற்றிவிடுவாள். தனலெட்சுமி சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொள்வாள்.

பத்து மணிக்கு எதிர்க்கடையிலிருந்து தே, பால் தேநீர், வரும். காலியான கட்டிப்பால் டின்னில் ஊற்றிக் கயிறு கட்டி, மூடியை முக்கால்வாசி திறந்து, ஆவி பறக்கத் தொங்கிக்கொண்டு வரும். அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பால் தேங்கியிருக்கும். கடைசி மடக்கில் அதையும் கலக்கிக் குடித்தால்தான் குடித்தமாதிரி. கூடவே ஹாஜரா வீட்டுப் பலகாரம் ஏதாவது இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே காலையில் ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து வந்து பஸ் ஏறுகிறோமோ என்று தனலெட்சுமிக்குச் சில சமயம் தோன்றும்.

எழுபத்தொன்பதில் அவளுக்குத் தாகம் வந்தது. நாற்பது வயது அப்போது. மேசையில் வைத்த தண்ணீர் போத்தல் பத்து மணிக்குள் காலி. அரை மணிக்கு ஒருதரம் கையைத் தூக்கி, ஆள் மாற்றிவிட்டு, கழிவறைக்கு ஓடவேண்டியிருந்தது. சூப்பர்வைசர் முறைத்தார். ஹாஜராவோ ஒருநாள் ஷிப்டு முடிந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் கந்தப்புவின் கிளினிக்குக்குப் போய்விட்டாள்.

டாக்டர் கந்தப்பு யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமான மனிதர். கண்ணாடிக் குழாயில் நீலமாக ஏதோ ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செம்மஞ்சளில் வந்து நின்றது.

"இனிப்பு நீர் பிள்ளை," என்றார். "இது வந்து போற வருத்தம் இல்லை. கூடவே இருக்கப்போற வருத்தம். நீங்கள் அதோட ஒத்துப்போனால் அதுவும் உங்களோட ஒத்துப்போகும்."

தனலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஹாஜரா முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "துணைக்கு வந்தவவும் ஒருக்காச் சோதிச்சுப் பார்க்கலாமே?"

"எனக்கென்ன டாக்டர், நான் குதிரை மாதிரி இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே போனாள் ஹாஜரா. அவளுடைய குழாய் செம்மஞ்சளிலும் நிற்கவில்லை. செங்கல் பொடியைக் கரைத்தமாதிரி சிவந்துபோய்விட்டது. இரண்டு பேரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரித்தது தனலெட்சுமிதான். அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து வருஷத்தை நினைத்தால் பிற்காலத்தில் தனலெட்சுமிக்கு வியாதிக்காலமாகவே தோன்றாது. ஏதோ விடுமுறைக் காலம்போல ஞாபகத்தில் நின்றது. ஷிப்டு முடிந்ததும் இருவரும் பாடாங் மைதானத்துப் பக்கம் நடந்து போவார்கள். கடலோரச் சுவரை ஒட்டியே கோட்டைவரைக்கும், அங்கிருந்து பெர்ரித் துறைவரைக்கும். எதிர்க்காற்றில் ஹாஜராவின் முக்காடு பறக்கும். ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசிக்கொண்டு வருவாள். பேச்சுக்கா பஞ்சம்? காலையில் கேட்ட முந்நூறு குரல்கள் இருக்கின்றனவே. எவன் எவளிடம் கெஞ்சினான், எந்த முதலாளி யாரிடம் குழைந்தான். வெளியே சொல்லக்கூடாத சங்கதிகள். ஆகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். துறையில் தனலெட்சுமியின் புருஷன் சுப்பையா பெர்ரி என்ஜின் அறையிலிருந்து எண்ணெய்க் கையோடு ஏறி வருவான். மூன்று பேருமாக ஒரு கடையில் கோப்பி ஓ கொசோங் குடிப்பார்கள். சீனி இல்லாத கறுப்புக் கோப்பி. முதல் மாதம் கஷாயம், பிறகு பழகிவிட்டது.

கண்ணாடிக் குழாயும் நீலத் தண்ணீரும் இரண்டு வீட்டிலும் இருந்தன. காலையில் வேலைக்கு வந்து உட்கார்ந்ததும் ஹாஜரா கேட்பாள், "இன்னிக்கு என்ன சேலை?"

"பச்சை."

"நான் நீலம் கட்டியிருக்கேன்லா!"

சூப்பர்வைசர் இருவரையும் பார்ப்பார். ஒருத்தி மஞ்சள் சேலையில் இருப்பாள், இன்னொருத்தி ரோஜா நிற பாஜுவில் இருப்பாள். அவருக்குக் கடைசிவரைக்கும் புரியவே இல்லை.

எண்பத்துநான்கில் எல்லாம் மாறியது. ஜனங்கள் தாங்களே எண்ணைச் சுற்றி வெளியூருக்குப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஒயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஹாஜராவுக்கு ஐம்பது வயது. விருப்ப ஓய்வு எடுத்துக்கொண்டு அலோர் ஸ்டாரில் இருந்த மகள் சபூரா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். தனலெட்சுமியை விசாரணைப் பிரிவில் போட்டார்கள். நம்பர் கேட்பார்கள், புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். யாரும் அழவில்லை, யாரும் கொஞ்சவில்லை. நம்பரைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

ஹாஜரா போன மறுவாரம் அவள் தனியாகக் கடலோரத்துக்குப் போய்ப் பார்த்தாள். கோட்டைவரை நடப்பதற்குள் அலுத்துவிட்டது. அடுத்த நாளும் போனாள். மூன்றாம் நாள் மழை. அதற்குப் பிறகு போகவில்லை. போகவேண்டாம் என்று அவள் ஒருநாளும் முடிவெடுத்ததில்லை. நாளைக்குப் போகலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தாள். தே மறுபடி வந்தது. முதலில் பால் குறைச்சலாக, பிறகு எப்போதும்போல. கண்ணாடிக் குழாய் அலமாரியில் பின்னுக்குப் போய், அதற்கு முன்னால் ஊறுகாய்ப் போத்தல் வந்துவிட்டது. டாக்டர் கந்தப்பு கொடுத்த மாத்திரைகளை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தாள். அதுவும் ஞாபகம் வந்த நாளில்.

சுப்பையா சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்ல அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருநாள் அவன் சீனி டப்பாவை எடுத்து எங்கோ ஒளித்துவைத்தான்.

"நான் என்ன திருடியா? என் வீட்டுல எனக்கே ஒளிச்சு வெக்கிறீங்க?"

"உன் நல்லதுக்குத்தான்லா தனம்..."

"என் நல்லது எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருந்தது. அதுதான் சங்கடமே. என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கவேண்டும் என்றெல்லாம் விசாரணைக்குப் போன் போட்டுக் கேட்டால் அவளே ஒப்பித்துவிடுவாள். தெரிந்ததைச் செய்யத்தான் மனம் எழவில்லை.

எண்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையல் முடித்து, துணி காயப்போட்டு, கூடத்துக்கும் அடுக்களைக்கும் நாலைந்துதரம் நடந்துவிட்டு உட்கார்ந்தாள். சுப்பையா தரையைப் பார்த்து நின்றான். சிமெண்டுத் தரை நெடுக, அவள் போன இடமெல்லாம், சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது.

"தனம், கால எடு."

வலது உள்ளங்காலில் துணிக் கிளிப்பின் கம்பி ஒன்று பாதி அளவுக்கு ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. வலிக்கவே இல்லை. தன்னுடைய கால் தனக்குச் சேதி அனுப்புவதை நிறுத்திவிட்டது என்பது, ரத்தத்தைவிட அதிகமாக அவளை உலுக்கியது.

அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றவேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் வரிசையில், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சோற்றைப் பாதியாக்கினாள். இனிப்பைத் தொடவில்லை. "இனிமே பாருங்க," என்று புருஷனிடம் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். புண் ஆறியது. தோல் மூடிய அதே வேகத்தில் பயமும் மூடிக்கொண்டது. மூன்றாம் மாதம், ஒரு மத்தியானம், ஆபீசில் யாருடைய பிறந்தநாளுக்கோ கொண்டுவந்த கேக்கில் இரண்டாவது துண்டு கையில் இருக்கும்போதுதான் அவளுக்கே அது உறைத்தது. இவ்வளவு பார்த்தும் திருந்தாத மனுஷி நான் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. கேக்கைச் சாப்பிட்டு முடித்தாள்.

அடுத்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு ஹாஜரா கட்டாயம் வரச்சொல்லியிருந்தாள். சுப்பையாவும் தனலெட்சுமியும் பெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, நெல்வயல்களைப் பார்த்துக்கொண்டே அலோர் ஸ்டார் போய்ச் சேர்ந்தார்கள். வாசலுக்கு வந்த ஹாஜராவைப் பார்த்ததும் தனலெட்சுமிக்குத் திக்கென்றது. முகம் உப்பியிருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. தன்னைப் பார்த்து ஹாஜராவின் கண்ணிலும் அதே திடுக்கிடல் வந்து மறைந்ததைக் கவனித்தாள்.

"நடக்குறியா தனம்?"

"நடக்குறேன்க்கா. தெனமும். நீங்க?"

"நானுந்தான். விடியக்கால சுபுஹு தொழுதுட்டு ஒரு சுத்து."

சபூரா தட்டு தட்டாகப் பலகாரமும் சிவப்புச் சர்பத்தும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் மற்றவள் என்ன செய்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடவில்லை. பிறகு ஹாஜரா கம்மிய குரலில் சொன்னாள்: "ஏம் புள்ள, இருவது வருஷம் டிரங்க் லைன்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கோம். எவன் பொய் சொல்றான், எவன் நெசஞ் சொல்றான்னு மூச்ச வெச்சே சொல்லுவோம். எங்கிட்டயேவா?"

"நீங்க மட்டும் எங்கிட்ட?"

அவ்வளவுதான். ஹாஜராவின் பெரிய உடம்பு குலுங்கத் தொடங்கியது. சிரித்துச் சிரித்து முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த சுப்பையா என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தான். சிரிப்பு அடங்கியபிறகு இருவரும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டார்கள். கால் கம்பியைத் தனலெட்சுமி சொன்னாள். கண்ணில் பூச்சி பறப்பதை ஹாஜரா சொன்னாள். சபூராவுக்குக்கூட அது தெரியாது.

"தனியா நடக்கப் புடிக்கலக்கா. அதான் விஷயம். வேற ஒண்ணுமில்ல," என்றாள் தனலெட்சுமி. வெளியே சொன்னபிறகுதான் இத்தனை வருஷமாகத் தேடிய காரணம் இவ்வளவு சின்னதா என்று வெட்கமாக இருந்தது.

ஹாஜரா யோசித்தாள். "உங்கூட்டுலயும் போன் இருக்கு. எங்கூட்டுலயும் இருக்கு. காலையில நடந்துட்டு வந்ததும் எனக்குப் போன் போடு. ரெண்டு மணி அடிச்சதும் வெச்சிரு. நானும் அதே மாதிரி. யாரும் எடுக்கக் கூடாது."

"எடுத்தா என்ன?"

"எடுத்தா பேசுவோம். பேச ஆரம்பிச்சா வெயில் வந்துரும். அப்புறம் எங்க நடக்குறது?"

எவ்வளவு தூரம் என்பதில் தகராறு வரவில்லை. சந்துமுனை வரைக்கும் போய்த் திரும்பினாலும் நடைதான் என்று வைத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் ஆயர் ஈத்தாம் வீட்டில் காலை ஆறேகாலுக்கு மணி அடித்தது. சுப்பையா பாய்ந்துபோய் எடுக்கப் பார்த்தான்.

"எடுக்காதீங்க!"

"யாருன்னு தெரிய வேணாமா?"

"எனக்குத் தெரியும்."

மணி இரண்டோடு நின்றது. அவன் டெலிபோனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

நாலாம் நாள்தான் சோதனை. விடியும்போதே நல்ல மழை. போர்வைக்குள் கிடந்துகொண்டு, இன்றைக்கு அங்கேயும் மழையாகத்தான் இருக்கும் என்று தனலெட்சுமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போது கூடத்தில் மணி அடித்தது. இரண்டு தரம். எண்பது கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, ஹாஜராக்கா நடந்துவிட்டு வந்து ஈரக் கையோடு எண்ணைச் சுற்றியிருக்கிறாள். அவளால் அதற்குமேல் படுத்திருக்க முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பசார் முனையில் மீன்காரர்கள் தார்ப்பாயைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, சேலையின் ஈரம் தரையில் சொட்டச் சொட்ட, அலோர் ஸ்டாருக்கு இரண்டு மணி அடித்து வைத்தாள். ஒயரை மாட்டி யாரையோ யாரோடோ சேர்த்துவைத்த நாள்களில் இருந்த அந்த நிறைவு, ரொம்ப காலத்துக்குப் பிறகு நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

ஆனால் அப்படியே நல்லபடியாக ஓடிவிடவில்லை. இரண்டாம் மாதம் ஒருநாள் மணி வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவள் பொறுக்கமாட்டாமல் கூப்பிட்டு, மணி அடிக்கவிட்டுக் காத்திருந்தாள். சபூரா எடுத்தாள்.

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க மாமி. இங்கதான் உக்காந்திருக்காங்க. பேச மாட்டேங்குறாங்க."

"குடு அவங்ககிட்ட."

அந்தச் சின்னக் குரல் வந்தது. "ஒரு கல்யாண வீட்டுல இஷ்டத்துக்குச் சாப்புட்டுட்டேன் தனம். மறுநாள் எந்திரிக்கல. நடக்காம எப்படி மணி அடிக்க? பொய் மணி அடிக்க முடியுமா? ரெண்டு நாள் விட்டாச்சு, இனிமே என்னத்த நடந்து என்னத்தன்னு இருந்துட்டேன்."

தனலெட்சுமிக்குச் சட்டென்று எண்பத்துநான்கில் பெய்த மழை ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள். ஒரே ஒரு மூன்றாம் நாள், அது ஐந்து வருஷமாகிவிட்டது.

"அக்கா, நடக்காத நாளைக்கும் ஒரு மணி வேணும்க்கா," என்றாள். "நடந்தா ரெண்டு. நடக்கலன்னா ஒண்ணு. இன்னிக்கு நடக்கல, ஆனா இருக்கேன்னு அர்த்தம். ஒண்ணு அடிச்சதுக்காக யாரும் யாரையும் ஏன்னு கேக்கக் கூடாது."

ஹாஜரா கேட்டாள்: "கேக்க மாட்டியா?"

"கேக்க மாட்டேன்."

மறுநாள் ஒரு மணி வந்தது. அதற்கு அடுத்த நாள் இரண்டு.

அந்த ஒற்றை மணிதான் அவர்களைக் காப்பாற்றியது என்று தனலெட்சுமி கடைசிவரை நம்பினாள். அவளும் எத்தனையோ தடவை ஒன்று அடித்திருக்கிறாள். தீபாவளிக்கு அடுத்த நாள், காய்ச்சலில் கிடந்த நாள், சும்மா பிடிக்காமல் போன நாள். ஒன்று அடித்துவிட்டால் மனசு லேசாகிவிடும்; விட்டுப்போன நாளுக்குமேல் இன்னொரு நாள் ஏறி உட்காராது. சந்துமுனை பசார் முனையானது. பசார் முனை அணைக்குப் போகும் மேட்டுச் சாலையின் முதல் வளைவானது. தே கடையில் அவளாகவே "கொசோங்" என்றாள். சுப்பையா சீனி டப்பாவை ஒளிக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டர் கந்தப்பு ரத்தச் சோதனைத் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என்ன பிள்ளை, ஒத்துப்போகத் தொடங்கியிருக்கிறீங்கள் போல," என்றார். மரத்த பாதம் மரத்ததுதான், அது திரும்பவில்லை. தினமும் குளித்ததும் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வாள். காலால் சொல்ல முடியாததைக் கண்ணால் கேட்டுக்கொள்ளப் பழகினாள். அங்கே ஹாஜராவும் சபூராவிடம் உண்மையைச் சொல்லிக் கண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டாள்.

தொண்ணூற்றுநான்கில் தனலெட்சுமி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அந்த வருஷமே ஹாஜரா மகளோடும் மருமகனோடும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டாள். "நாப்பது நாளைக்கு மணி வராது, பயந்துறாத," என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

பயமாகத்தான் இருந்தது. முதல் நாள் காலை தனலெட்சுமி டெலிபோனுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றாள். அடித்தாலும் அந்த வீட்டில் ஆள் இல்லை. சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பத்து நாள் கழிந்தது. இருபது நாள் கழிந்தது. ஒருநாள் மேட்டுச் சாலையில் பாதிவழி ஏறி நின்று மூச்சு வாங்கும்போது, மலையடிவாரத்தில் கோயில் கோபுரத்துக்கு மேலே பனி விலகுவதைப் பார்த்தாள். அன்றைக்குக் காலையில் டெலிபோனைப் பற்றி நினைக்காமலே கிளம்பி வந்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது. அதற்காகக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் ஆறேகாலுக்கு மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதிலும் நிற்கவில்லை. சுப்பையா கையை நீட்டி, பழக்கத்தில் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். தனலெட்சுமி ஓடிப்போய் எடுத்தாள்.

"தனம்! ஏழு சுத்து சுத்தி, ஏழுதடவை ஓடி, அந்த வெயில்ல அம்புட்டும் நடந்தேன் புள்ள. சபூராவுக்குக் கால் வீங்கிப் போச்சு, எனக்கு ஒரு கொப்புளம் இல்ல. சின்ன வயசுப் பொம்பளைங்கல்லாம் பின்னால வர்றாளுவ, நான் முன்னால போறேன்..."

"சொல்லுங்கக்கா, சொல்லுங்க," என்றாள் தனலெட்சுமி. நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவளோடு நடக்கலாமென்று செருப்பை மாட்டியிருந்த சுப்பையா வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். இது இப்போதைக்கு முடியாது என்று தெரிந்ததும் அவன் தனியாக மேட்டுச் சாலைப் பக்கம் நடந்தான்.